மிஷினுக்கு எண்ணெய் போட்டவன்

எண்ணெய் போடக்கூடாதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா மேடம்? மிஷினைக் கையில குடுத்த அன்னைக்கு மேடை போட்டீங்க, சால்வை போர்த்தினீங்க, போட்டோ எடுத்தீங்க, போகும்போது ஆளுக்கு ஒரு டப்பா சாம்பார் சாதம் குடுத்து அனுப்பினீங்க. எல்லாம் செஞ்சீங்க. இந்த ஒரு வார்த்தை மட்டும் உங்க வாயில வரலை. அப்போ தப்பு யார் மேல? நான் சொல்றேன். உங்க மேல.

எழுந்திருக்காதீங்க. உட்காருங்க. நான் கத்தலை, என் குரலே இப்படித்தான். புதுப்பேட்டையில முப்பத்தோரு வருஷமா பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருக்கேன். இந்தப் பக்கத்துக் கடையில லாரி ஆக்ஸிலைச் சம்மட்டியால அடிச்சுக்கிட்டே இருப்பான், அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடும். அங்க மெதுவாப் பேசினவனுக்குச் சோறு கிடைச்சதில்லை.

என்ன? சொன்னீங்களா? எப்போ சொன்னீங்க? ஓ, அந்தப் பயிற்சி வகுப்புலயா.

அந்த ஒரு மணி நேரம் நான் வெளியே போயிருந்தேன். அது வேற விஷயம். மண்டபத்துக்குப் பின்னாடி ஒரு பழைய ஜெனரேட்டர் கேட்பாரில்லாம கிடந்துச்சு, வாட்ச்மேன்கிட்ட விலை பேசிக்கிட்டிருந்தேன். வாங்கவும் செஞ்சேன், இப்போ ஓடுது. சரி, நீங்க சொன்னீங்கன்னே வச்சுக்குவோம். யார்கிட்ட சொன்னீங்க? என் சம்சாரம் கஸ்தூரிகிட்ட. அவளும் வந்து, "ஈரம் படக்கூடாதாம், எண்ணெய் படக்கூடாதாம், காஞ்ச துணியால மட்டும் துடைக்கணுமாம்"னு சொன்னா. சொன்னா, இல்லைன்னு சொல்லலை. ஆனா அவ ஒரு நாளைக்கு நாற்பது சொல்லுவா மேடம். அதுல எது முக்கியம்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க மிஷின் மேலயே எழுதி ஒட்டியிருக்கணும். பெருசா. சிவப்புல.

உங்களுக்குப் பார்வை கிடையாது, எழுதி ஒட்டணும்னு உங்களுக்குத் தோணியிருக்காது. ஆனா எனக்குக் கண்ணு இருக்குல்ல? கண்ணு இருக்கிறவன் வீட்டுக்கும்தான அந்த மிஷின் போகுது?

சரி, கோபத்தை விடுங்க. நானும் விட்டுடறேன். அந்தக் கையில வச்சிருக்கீங்களே லெட்டர், அதை மட்டும் கொஞ்ச நேரம் கீழ வைங்க. நான் பேசி முடிச்சப்புறம் படிங்க. விரலை எடுங்க மேடம், படிக்காதீங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். காலையிலேர்ந்து உங்க சங்கத்தோட இந்த ஒன்றுகூடல்ல நீங்க எங்க எங்கன்னு தேடி அலையுறேன். அந்தக் கோடியில பாட்டுப் போட்டி, இங்க ஆணி குத்தின பலகையில செஸ் ஆடுறாங்க, நடுவுல நாலு பேர் மணி வச்ச பந்தை உருட்டிக்கிட்டு என் கால்லயே மோதுறாங்க. இருநூறு பேர் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. எனக்கு முன்னாடி என் பொண்ணு வந்து உங்க கையில அதைக் குடுத்துட்டா.

அதுல இருக்கிறது பொய். என் பொண்ணு பொய் சொல்லலை. ஆனா அதுல இருக்கிறது பொய். அதைத்தான் சொல்ல வந்தேன்.

என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. மாசிலாமணின்னு புதுப்பேட்டையில கேட்டுப் பாருங்க, "எந்த மாசி, செத்த இன்ஜினை எழுப்புற மாசியா"ன்னு கேப்பாங்க. பதினோரு வயசுல செய்யாறுலேர்ந்து வந்தேன். நாலாவதோட சரி. கழட்டின நட்டு போல்ட்டை மண்ணெண்ணெயில கழுவுறதுதான் என் முதல் வேலை. லாரிக்கு அடியில படுத்துத் தூங்கியிருக்கேன். எனக்கு யாரும் எதையும் சொல்லித் தரலை, அடிதான் குடுத்தாங்க. அடி வாங்கி வாங்கி ஒண்ணே ஒண்ணு கத்துக்கிட்டேன். எது இறுகிக் கிடந்தாலும் எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தட்டினா இளகிடும். இருபது வருஷம் மழையில கிடந்த வண்டியை அப்படித்தான் எழுப்பியிருக்கேன். அது என்னை ஒரு நாளும் கைவிட்டதில்லை மேடம். ஒரே ஒரு நாளைத் தவிர.

மோனிஷா ஏழு மாசத்துல பொறந்தவ. கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க, பிழைச்சா, பார்வை பிழைக்கலை. பரவாயில்லைன்னு விட்டோம். பள்ளிக்கூடத்துல விரலால தொட்டுப் படிக்கிற புள்ளி எழுத்துப் படிச்சா, அருமையாப் படிச்சா. காது இருக்கே, அப்படி ஒரு காது. லீவு நாள்ல கடைக்குக் கூட்டிட்டு வந்து ஸ்டூல்ல உட்கார வச்சிருப்பேன். எவனாவது பழைய இன்ஜினை ஓடவிட்டுக் காட்டி விலை சொல்லுவான். இவ அங்கேர்ந்தே, "ப்பா, ஒரு வால்வு தட்டுது, குறைச்சுக் கேளு"ம்பா. கொண்டு வந்தவன் முகம் போற போக்கைப் பார்க்கணுமே! பக்கத்துக் கடை அன்வர் பாய் சொல்லுவாரு, "மாசி, கடையை உன் பொண்ணுகிட்ட குடுத்துட்டு நீ டீ வாங்கிட்டு வர்ற வேலையைப் பாரு"ன்னு.

பத்தொன்பது வயசுல மூளைக்காய்ச்சல். இருபத்து மூணு நாள் ஆஸ்பத்திரி. எழுந்து உட்கார்ந்தா. "ஏன் யாரும் பேச மாட்டேங்கிறீங்க"ன்னு கேட்டா. நாங்க எல்லாரும் பேசிக்கிட்டுத்தான் இருந்தோம்.

காது போயிடுச்சு மேடம். பேசுறா, நல்லாப் பேசுறா, என்ன, தன் குரல் தனக்கே கேக்காததால சத்தமாப் பேசுறா. நாங்க சொல்றது எதுவும் அவகிட்ட போகாது. மத்தவங்களுக்கெல்லாம் போன் பேசுது, கடிகாரம் பேசுது, கண்ணு போனவங்களுக்குக் கவலையே இல்லைன்னு உங்க ஆளுங்களே மேடையில சொல்றாங்க. என் பொண்ணுக்கு எது பேசினாலும் ஒண்ணுதான். எட்டு மாசம் நான் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. சொல்ல வழி இல்லை. வீட்டுக்குள்ள வந்தா தரை அதிர்றதை வச்சு "அப்பாவா?"ம்பா. தலையில கை வைப்பேன். அவ்வளவுதான். இந்தச் சந்தையில வாயை வச்சுப் பிழைச்சவன் நான். என் பொண்ணுகிட்ட எட்டு மாசம் ஊமை.

அப்பதான் உங்க முகாம். அப்பதான் அந்த மிஷின்.

உண்மையைச் சொல்லணும்னா அன்னைக்கு நான் உங்க கால்ல விழத் தயாரா இருந்தேன். ரெண்டு டிவி ரிமோட்டைப் பக்கத்துல பக்கத்துல வச்ச அளவு. இருபது கட்டம். கட்டத்துக்கு எட்டு ஊசி, படிக்க ஆறே போதுமாம். போனோட அது சேர்ந்துக்குது. எனக்கு டைப் அடிக்க வராது, ஆனா போன்கிட்ட வாயால சொன்னா அது எழுத்தாக்கிடுது, எழுத்து அந்த மிஷின்ல போய்ப் புள்ளியா எழும்பி நிக்குது, அவ விரல் அது மேல ஓடுது. நான் பேசுறேன், என் பொண்ணு தொட்டுக் கேக்குறா. ஒரு வருஷத்துக்குக் கடனாத் தர்றோம், அப்புறம் வரிசையில அடுத்த ஆளுக்குப் போகணும்னீங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்துக்கலாம், இந்த ஆளுங்ககிட்ட பேசி இன்னொரு வருஷம் வாங்க முடியாதவனா நான்னு நினைச்சுக்கிட்டேன்.

முதல் முதல்ல என்ன சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வந்தேன். பெருசா ஏதாவது சொல்லணும்னு. போனை வாய்கிட்ட கொண்டு போனதும் என்ன வந்துச்சு தெரியுமா? "சாப்பிட்டியா." அவ விரல் ஓடி நின்னுச்சு. சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு. "எட்டு மாசம் கழிச்சு இதைத்தான் கேக்கத் தோணுச்சாப்பா உனக்கு?"

அதுக்கப்புறம் தினம் சாயங்காலம் கடை கதை. எவன் என்ன விலை கேட்டான், நான் என்ன சொன்னேன், அவன் எப்படித் திரும்பி வந்தான். அவ நடுவுல நடுவுல, "மெதுவாப்பா, புள்ளி ஓடுது", "அவனை விடாதப்பா, நாளைக்கு வருவான்"னு சொல்லிக்கிட்டே படிப்பா. கஸ்தூரி சமையல் கட்டுலேர்ந்து, "பொண்ணுக்கு நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க, எப்பப் பாரு கியர் பாக்ஸ்"ம்பா.

என்ன கேட்டீங்க? விரல் தட்டுறதா? ஆமா, அதே முகாம்லதான் அதையும் சொல்லிக் குடுத்தீங்க. வலது கையில மூணு விரல், இடது கையில மூணு விரல், ஆறு விரலும் ஆறு புள்ளி. எதிர்ல உட்கார்ந்து அவ விரல் மேல நாம தட்டினா அதுவே எழுத்து. மிஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னீங்க. கஸ்தூரி ரெண்டு வாரத்துல கத்துக்கிட்டா. இப்போ ரெண்டு பேரும் சோபாவுல உட்கார்ந்து என்னைப் பத்திக் கோள் சொல்லிக்கிட்டே இருப்பாங்க, எனக்கு ஒண்ணும் புரியாது.

நானும் தட்டிப் பார்த்தேன். இல்லைன்னு நினைக்காதீங்க. முகாம்ல எல்லார் முன்னாடியும் தட்டினேன். அவ பேரைத்தான் தட்டினேன். அவ சத்தமா, மண்டபம் முழுக்கக் கேக்குற மாதிரி, "அப்பா, இதுல எழுத்தே இல்ல, கதவைத் தட்டுற மாதிரி தட்டுற"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சா. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க, எனக்கு ஞாபகம் இருக்கு. அன்னைக்குக் கையை எடுத்தவன்தான். அதான் மிஷின் இருக்கே, எனக்கு எதுக்கு இதெல்லாம்? இந்த விரலைத் தொட்டுப் பாருங்க. வெல்டிங் சுட்டது, ஸ்பேனர் நசுக்கினது. இது எழுத்து எழுதுற விரலா?

அதை விடுங்க. விஷயத்துக்கு வர்றேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம். கறிச்சோறு சாப்பிட்டாச்சு. கஸ்தூரி மோனிஷாவுக்குத் தலைக்கு எண்ணெய் தேய்ச்சு விட்டுக்கிட்டிருந்தா. மடியில மிஷினை வச்சுக்கிட்டு அவ ஏதோ படிச்சுக்கிட்டிருந்தவ, "அப்பா, ஏழாவது கட்டத்துல ஒரு ஊசி எழும்ப மாட்டேங்குது"ன்னா. ஒண்ணு. நூத்து அறுபது ஊசியில ஒண்ணு! கடன் வாங்கின மிஷின், சங்கத்துக்குப் போன் பண்ணுங்கன்னு கஸ்தூரி சொன்னா. செத்த இன்ஜினை எழுப்புறவன் ஒரு ஊசிக்குப் போன் பண்ணுவானா மேடம்?

மோனிஷா குளிக்கப் போனா. நான் மிஷினை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். தையல் மிஷின் எண்ணெய், சிரிஞ்சுல எடுத்து, ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு. எழும்புச்சு! ஊசி துள்ளிக்கிட்டு எழும்புச்சு. அதைப் பார்த்ததும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? சரி, ஒண்ணு இறுகினா நாளைக்கு இன்னொண்ணு இறுகும், இருக்கிறப்பவே மொத்தத்துக்கும் விட்டுடுவோம்னு இருபது கட்டத்துக்கும் விட்டேன். நல்லா விட்டேன். பத்து நிமிஷம் வெயில்ல வச்சேன். துடைச்சுக் கொண்டுவந்து இருந்த இடத்துலயே வச்சுட்டேன். அவளுக்கே தெரியாம சரி பண்ணிட்டு, அப்புறம் பெருமையாச் சொல்லலாம்னு.

அவ குளிச்சுட்டு வந்து உட்கார்ந்தா. நான் போனை எடுத்து, "இப்போ பாரு"ன்னு சொன்னேன். ஓடுச்சு. பத்துப் பன்னிரண்டு வரி ஓடுச்சு. அப்புறம் ஒரு கட்டம் நின்னுச்சு. இன்னொண்ணு. அவ விரலை வச்சுக்கிட்டே இருக்கா, அது கீழ ஒவ்வொண்ணா அடங்குது. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள மொத்தமும் வழவழன்னு பலகையாயிடுச்சு.

அவ மிஷினை மோந்து பார்த்தா. தன் விரலை மோந்து பார்த்தா. தலையைத் தொட்டா. அப்புறம் கேட்டா: "அப்பா, என் கை எண்ணெயாலதான் போச்சாப்பா?"

நான் என்ன சொல்லணும்? சொல்லுங்க, என்ன சொல்லணும்? "இல்ல பாப்பா, நான்தான்"னு சொன்னேன். நாலு தடவை சொன்னேன். கத்திச் சொன்னேன், மேல் வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்தாங்க. யாருக்குக் கேட்டுச்சு? அவளுக்குத் தவிர எல்லாருக்கும் கேட்டுச்சு.

கஸ்தூரி உடனே அவ பக்கத்துல உட்கார்ந்து விரலைப் பிடிச்சா. நான் தடுத்துட்டேன். "நீ சொல்லாத, நானே சொல்றேன்"னேன். அது தப்பா? நான் பண்ணினதை இன்னொருத்தர் போய்ச் சொன்னா அது கோள் மாதிரி ஆயிடும். நான் சொன்னாத்தான அது மன்னிப்பு? ரெண்டு நாள்ல ரிப்பேர் பண்ணிடலாம், மிஷின் வந்ததும் முதல் வேலையா என் வாயால சொல்லிடணும்னு இருந்தேன். எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பண்ற ரிச்சி தெருவுல ஏறாத கடை இல்லை. அடுக்கடுக்கா எறும்புக்கால் மாதிரி கம்பி இருக்கு, எண்ணெய் உள்ள இறங்கிடுச்சு, இதை நாங்க தொட மாட்டோம்னுட்டாங்க. அன்வர் பாய் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்துட்டு, "மாசி, இது நம்ம சாமான் இல்லப்பா"ன்னாரு. உங்க சங்கத்துக்குக் கொண்டு வரலாம்னா, யார் எண்ணெய் போட்டதுன்னு கேப்பீங்களேன்னு வரலை. ரெண்டு நாள் ஆச்சு, ஒரு வாரம் ஆச்சு. இன்னையோட நாற்பத்தோரு நாள்.

இந்த நாற்பத்தோரு நாளா அவ என்ன பண்றா தெரியுமா?

கை கழுவுறா. எதையும் தொடறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கழுவுறா. தொட்டப்புறம் கழுவுறா. சோறு பிசையுறதில்லை, ஸ்பூன் கேக்குறா. தலைக்கு எண்ணெயே கிடையாது. பாதி முதுகுக்கு இருந்த முடியைக் கழுத்தோட வெட்டச் சொல்லி, அவங்க அம்மா அழுதுக்கிட்டே வெட்டினா. குளியல் சோப்பை ஒளிச்சு வச்சோம். பாத்திரம் தேய்க்கிற சோப்பைத் தேடி எடுத்துத் தேய்க்கிறா. விரல் நுனியெல்லாம் வெடிச்சு, தோல் உரிஞ்சு, போன வாரம் பழைய புத்தகத்தை எடுத்துப் படிக்கப் பார்த்தா. வலிக்குது, புள்ளி தெரிய மாட்டேங்குதுன்னு மூடி வச்சுட்டா. டாக்டர் சொல்றாரு, இப்படியே போனா நுனியில உணர்ச்சி மந்தமாயிடும்னு. அந்த விரலும் போயிடுச்சுன்னா மேடம், அப்புறம் அவளுக்குள்ள போக எந்த வழியும் கிடையாது. புரியுதா உங்களுக்கு? கதவு, ஜன்னல் எல்லாம் போய் அது ஒண்ணுதான் பாக்கி இருக்கு.

கஸ்தூரி என்னோட பேச்சை நிறுத்தி ஒன்பது நாள் ஆச்சு. கடைசியாப் பேசினது என்ன தெரியுமா? "எப்பச் சொல்லுவீங்க? அவ விரல் அழுகினப்புறமா? இன்னைக்கு நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன்." நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஒன்றுகூடல் வருது, மேடத்தைப் பார்த்துடறேன், மிஷினோட வர்றேன்"னு சத்தியம் பண்ணினேன். அதுக்குள்ள மோனிஷா இந்த லெட்டரைக் குத்தி எழுதிட்டா. வெடிச்ச விரலோட. கஸ்தூரிக்குச் சத்தமாச் சொல்லிக் காட்டினா, என் காதுலயும் விழுந்துச்சு. "எண்ணெய்க் கையோட தொட்டு மிஷினைக் கெடுத்துட்டேன், எனக்கு இனிமே எதுவும் தரவேண்டாம், வரிசையில அடுத்ததா திண்டிவனத்துல காத்திருக்கிற அண்ணன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க." இதான அதுல இருக்கு?

படிச்சுட்டீங்களா. நான் பேசப் பேசவே படிச்சுட்டீங்க. உங்க விரல் எப்போ ஓடுச்சுன்னே எனக்குத் தெரியலையே.

சரி. இப்போ தெரிஞ்சிடுச்சுல்ல, யார் பண்ணினதுன்னு. பையில மிஷின் இருக்கு, இந்தாங்க. தடவிப் பாருங்க. மோந்தும் பாருங்க, தேங்காய் எண்ணெய் வாசனையா வருது அதுல? தையல் மிஷின் எண்ணெய். அவ விரல்ல இருந்தது இல்லை. என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன், இந்த மேடையில ஏறி மைக்ல சொல்றேன். ஆனா மிஷினைச் சரி பண்ணிக் குடுங்க.

வெளிநாட்டுலேர்ந்து வரணுமா? முழு வரிசையும் மாத்தணுமா? எவ்வளவு நாள்? ஆறு மாசம்... ஆறு மாசத்துக்கு அவ கை கழுவிக்கிட்டே இருப்பாளா? மேடம், என்கிட்ட இந்தக் கதை வேண்டாம். நானே தினம் இருபது பேருக்கு "கம்பெனியிலேர்ந்து வரணும்"னு சொல்றவன். உள்ள அறையில வேற மிஷின் வச்சிருப்பீங்க. வச்சிருக்காத கடைக்காரன் கிடையாது.

இல்லையா? நிஜமாவே இல்லையா?

இருங்க, வர்றாங்க. கஸ்தூரி மோனிஷாவைக் கூட்டிட்டு வர்றா. மேடம், தயவு பண்ணி நீங்க எதுவும்...

"மேடம்! லெட்டர் படிச்சீங்களா? பக்கத்துல அப்பா இருக்காரா? கிரீஸ் வாசனை வருது."

கேட்டீங்களா, எப்படிக் கண்டுபிடிக்கிறான்னு! உட்காரும்மா, உட்காரு. கஸ்தூரி, அந்த நாற்காலியை இழு. பாருங்க, வந்ததும் ரெண்டு கையையும் மேஜை மேல வச்சுட்டா. வீட்டுலயும் இப்படித்தான். தினம் காலையில டீ குடிச்சதும் என் எதிர்ல வந்து, ரெண்டு கையையும் விரிச்சு வச்சுக்கிட்டு, "தட்டுப்பா, தப்பாத் தட்டினாலும் பரவாயில்ல, சிரிக்க மாட்டேன்"னு சொல்லிட்டு உட்கார்ந்திருப்பா. பத்து நிமிஷம், கால் மணி நேரம். நான் கடைக்கு நேரமாச்சுன்னு எழுந்து போயிடுவேன். தரை அதிர்றதை வச்சு நான் போறது அவளுக்குத் தெரிஞ்சிடும். கையை எடுத்துக்குவா. எடுத்துட்டு நேரா குழாய்க்குத்தான் போவா.

நீங்க அவ விரல்ல என்ன தட்டுறீங்க இப்போ? மேடம்! என்ன தட்டினீங்க?

"அப்பா கத்துறாரா மேடம்? மேஜை ஆடுது. அவரைத் திட்டாதீங்க. நான்தான் கெடுத்தேன், அவரு ஒண்ணும் பண்ணலை."

கேட்டியா கஸ்தூரி. கேட்டுக்கிட்டியா. நான் ஒண்ணும் பண்ணலையாம்.

இல்லை மேடம், நீங்க சொல்லக்கூடாது. கஸ்தூரி, நீயும் சொல்லாத, கையை எடு. எந்த விரல்னு நீங்க சொல்லித் தர, நான் தட்டுறதா? இங்கயா? இத்தனை பேர் நடுவுலயா? அ-வுக்கு ஒரே ஒரு விரல் போதுமா... எனக்குத் தெரியும், கஸ்தூரி நூறு தடவை சொல்லிட்டா. அதில்லை மேடம். தப்பா விழுந்துட்டா? நான் ஒண்ணு நினைச்சுத் தட்டி அவ வேற புரிஞ்சுக்கிட்டா? நாற்பத்தோரு நாள் கழிச்சு இதைச் சொல்லப் போறேன், அதுலயும் கதவைத் தட்டுறவனா ஆகணுமா? வாயால சொல்லி விட்டா மிஷின் ஒரு எழுத்துக் குறையாம கொண்டு போய்ச் சேர்க்கும். எனக்கு அதுதான் வேணும். என் பேச்சு அவகிட்ட நேராப் போகணும்.

சரி, நான் விலையைக் குறைச்சுக்கிறேன். வியாபாரம் பேசுவோம். இருபது கட்டம் வேண்டாம். பத்து. பழசு உடைசல் எதுவா இருந்தாலும் சரி, பத்து கட்டம் ஓடினாப் போதும். உங்க கையில பத்துக்கு வழி இருக்கு, எனக்குத் தெரியும்.

தலையை ஆட்டாதீங்க. அஞ்சு. அஞ்சுல முடிச்சுக்குவோம். அஞ்சு கட்டத்துல ஒரு வார்த்தை நிக்கும்ல? "நான்தான்"னு ஒரு வார்த்தை நின்னாப் போதும், மத்ததை அவ புரிஞ்சுக்குவா.

பாப்பா, கையை எடுக்காத, இரு. இரும்மா, அப்பா பேசிக்கிட்டிருக்கேன். மேடம், பாருங்க, நகக் கண்ணுல ரத்தம் கட்டியிருக்கு. கையை எடுத்தான்னா நேரா குழாயைத் தேடிப் போயிடுவா, அவ எடுக்கிறதுக்குள்ள சொல்லுங்க. கடைசி விலை. இதுக்குக் கீழ நான் யார்கிட்டயும் இறங்கினதில்லை.

ஒண்ணு. ஒரே ஒரு கட்டம் மேடம். எட்டு ஊசிகூட வேண்டாம், ஆறு. மின்னணும், ஓடணும்னு இல்லை. அமுங்கணும், எழும்பணும், அவ்வளவுதான். ஒவ்வொரு எழுத்தா விடுறேன். ஒரு எழுத்துக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். நீங்கதான குடுத்தீங்க, நீங்கதான் இதைச் சரி பண்ணித் தரணும். எனக்குத் தெரியாது, எங்கிருந்து எடுப்பீங்களோ, யார்கிட்ட கேப்பீங்களோ. ஆறே ஆறு புள்ளி. கொண்டு வந்து என் முன்னாடி வைங்க.